ஏழாந்தொட்டியும் துரையின் இடுப்பும்

யார் உண்மை சொன்னாலும் அதில் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது என் பிறவிக் குணம். பால்காரர் தண்ணீர் கலக்கவில்லை என்று சொன்னால், அப்படியானால் வேறு எதைக் கலந்தார் என்று யோசிப்பேன். இந்தக் குணத்தால் இருபத்திரண்டு வயதில் எனக்கு ஒரு நல்ல வேலை போயிற்று.

அப்போது நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் துபாஷி. (இங்கிலீஷில் மட்டும் தேறி மற்றதில் கோட்டை விட்டவனுக்கு வேறு என்ன கிடைக்கும்?) தோல் வாங்கச் சென்னையிலிருந்து வரும் வெள்ளைக்காரத் துரை பேசுவதை முதலாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். முதலாளி திட்டுவதைத் துரைக்குச் சொல்லாமல் இருக்க வேண்டும். கல்யாணமாகி நாலு மாதம். இந்தத் தடவை சரக்கு பாஸானால் வேலையை நிரந்தரமாக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வருஷம் வந்த துரை ஒல்லி. கை இரண்டும் முருங்கைக்காய். காலையில் பாலாற்று மணலில் நின்று, நுனி வளைந்த குச்சியால் சின்ன வெள்ளைப் பந்தை அடிப்பார். கோல்ஃபாம். பந்து பாதி ஆற்றைத் தாண்டிப் போய் விழும்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கைல இவ்ளோ பலமா? குச்சிக்குள்ள இன்னாவோ இருக்குதுய்யா. வெளையாட்டுலயே பித்தலாட்டம் பண்றவன் தோல் பாக்கும்போது சும்மா இருப்பானா? நைசா கேட்டுப் பாரு" என்றார்.

கேட்டேன். துரை டீ கொடுத்து உட்கார வைத்துச் சொன்னார். பலம் கையில் இல்லையாம். முதலில் தோளை நன்றாகப் பின்னால் திருப்ப வேண்டும். இடுப்பு கொஞ்சம்தான் திரும்பும், அதனால் உடம்பு முறுக்கேறி நிற்கும். அடிக்கும்போது இடுப்பு முதலில் முன்னால் கிளம்ப வேண்டும். தோள் அதன் பின்னால், கை அதற்கும் பின்னால், குச்சி கடைசியில். "கையை மட்டும் முந்த விடாதே" என்றார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு ஷாப்புக்காரரிடம் போய், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலை எத்தனை நாள் ஊற வைக்கிறீர்கள், கடுக்காய் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டால், டீ வாங்கிக் கொடுத்து, சிரித்த முகத்தோடு தப்பான பக்குவத்தைச் சொல்வார். கேட்டவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்குப் போய் அதற்கு நேரெதிராகச் செய்து பார்ப்பார்.

துரையும் டீ கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இடுப்பை ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டு கையால் மட்டும் அடிப்பதுதான் நிஜமான ரகசியம்! வீட்டில் குடையை வைத்துப் பழகினேன்.

"ஏங்க, அவரு நெஜமாவே சொல்லியிருந்தா?" என்றாள் என் மனைவி.

"உனக்கு வியாபாரம் தெரியாது" என்றேன்.

சரக்குப் பார்க்கும் நாள் வந்தது. தோல் ஊறும் தொட்டிகள் எங்களிடம் ஏழு. ஏழாந்தொட்டிப் பக்கம் துரையை விடக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. உரிக்கும்போது கத்திவெட்டு விழுந்த தோல்களெல்லாம் அதில்தான் அடியில் கிடந்தன. மேலே நாலு நல்ல தோல். (அடுத்தவன் குச்சிக்குள் பித்தலாட்டம் தேட இது எங்களுக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை.)

ஆறு தொட்டியும் பாஸாகிவிட்டது. துரை சந்தோஷமாகக் குச்சியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஏழாவதை அவர் மறக்கும்படி ஏதாவது செய் என்று முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் குச்சியைக் கேட்டு வாங்கி, தரையில் ஒரு கடுக்காயை வைத்து, மரம் மாதிரி விறைத்து நின்று, கையில் இருந்த பலம் அத்தனையும் கொடுத்து ஓங்கி வீசினேன்.

கடுக்காய் இருந்த இடத்திலேயே இருந்தது. குச்சி மட்டும் கையைவிட்டுப் பறந்து, அத்தனை தொட்டி இருக்க, ஏழாந்தொட்டிக்குள் 'களுக்'கென்று இறங்கியது.

"அது என் அப்பா கொடுத்த குச்சி" என்றார் துரை. முகம் வாடிவிட்டது.

"காலைல எடுத்துத் தர்றோம்னு சொல்லுய்யா" என்று முதலாளி என் காதில் பதறினார். சொன்னேன். துரை கேட்கவில்லை. தொட்டி வேலை பார்க்கும் முனிரத்தினத்தை அவரே கூப்பிட்டுவிட்டார்.

முனிரத்தினம் ஈரத்தோலை ஒவ்வொன்றாக இழுத்தார். ஒவ்வொன்றும் ஆள் கனம். தோளைப் பின்னால் திருப்பி, இடுப்பை வெட்டி முன்னால் கொண்டுவந்து, அநாயாசமாகத் தூக்கிக் கழிமேல் வீசினார். துரை குதித்தார். "இதேதான்! இதைத்தானே உனக்குச் சொன்னேன்!"

"இன்னாய்யா சொல்றான்?"

"நெஜமாவே இடுப்புதானாம், முதலாளி."

ஐந்தாவது தோல் வந்தது. துரை குதிப்பதை நிறுத்தினார். ஆறாவது, ஏழாவது. கத்திவெட்டு ஒன்றில் விரலை விட்டு, மறுபக்கம் நின்ற என்னைப் பார்த்து அந்த விரலை ஆட்டினார். மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இல்லை.

குச்சி கிடைத்தது. சரக்கு மொத்தமும் நின்றது, பாஸான ஆறு தொட்டியும் சேர்த்து. "இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றார் முதலாளி. போகிற போக்கிலும் அந்தக் குச்சியைக் காதோரம் வைத்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. போன வாரம், டப்பாவில் மைசூர்பாகு குறைகிறது, வேலைக்காரப் பெண்மேல் சந்தேகமாக இருக்கிறது என்று வீட்டில் சத்தம் போட்டேன். என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மொதல்ல உங்க ஏழாந்தொட்டியக் காட்டுங்க" என்றாள்.

பேரப்பிள்ளைகள் ஓடிவந்து என் சட்டைப் பையில் கையை விட்டார்கள். இரண்டு துண்டு இருந்தது.