அரை மாத்திரைச் சம்மதம்

வாசகரே, வீடு என்று ஒன்று எங்கு உண்டோ, அந்த வீட்டில் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி எங்கு உண்டோ, அங்கெல்லாம் தவறாமல் காணப்படும் ஓர் இனம் இருக்கிறது. பெயர், ம்-காரர்.

நாம் வயிறு எரியப் பேசிக்கொண்டிருப்போம். எதிரே அவர் முகத்தில் ஞானியின் அமைதி, கண்ணில் கனிவு, தலையில் மெல்லிய ஆட்டம், நடுநடுவே சரியான இடத்தில் ஒரு 'ம்'. இப்படிக் கேட்க ஒரு மனிதர் கிடைத்தாரே என்று நம் நெஞ்சு நிறைந்து, குரல் தழுதழுக்கும். அவர் கேட்கவே இல்லை.

இலக்கணத்தில் 'ம்' என்பதற்கு அரை மாத்திரை. கண் இமைக்கும் நேரத்தில் பாதி. அந்தப் பாதி இமைப்பில் எத்தனை குடும்பங்களின் தலையெழுத்து மாறிவிடுகிறது தெரியுமா?

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் பீங்கான் ஜாடிக் கடை வைத்திருக்கும் அமீனுதீனை எடுத்துக்கொள்வோம். அவர் காதில் கோளாறு என்று யாரும் சொல்ல முடியாது. வாசலில் லாரி உறும, எதிர்க்கடையில் பாட்டு அலற, கடையின் அந்தக் கோடியில் யாரோ ஒருவர் ஊறுகாய் ஜாடியை விரலால் சுண்டினால், இந்தக் கோடியில் உட்கார்ந்தபடியே, "அத வச்சிருங்க, விரிசல் வுட்டிருக்குது, வேற தரேன்" என்பார். கண்ணுக்கே தெரியாத மயிரிழை விரிசல். அதே காதுதான், வீட்டில் அரை அடி தூரத்தில் மனைவி ஜுலைகா வாயைத் திறந்ததும் லீவு போட்டுவிடுகிறது.

ஏன் இப்படி? மூளைக்குள், செராமிக் கம்பெனி கேட்டில் நிற்பது போல, ஒரு வாட்ச்மேன் நிற்கிறார். காது எல்லாச் சத்தத்தையும் கேட் வரை கொண்டுவந்து இறக்கிவிடும். எதை உள்ளே விடுவது என்பது அவர் இஷ்டம். ஜாடிச் சத்தம் என்றால் கேட் திறக்கும். பிரியாணி என்றால் அகலத் திறக்கும். கல்யாண வீட்டு இரைச்சலுக்கு நடுவே யாரோ நம் பெயரை முணுமுணுத்தால், தூங்கி வழிகிற வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடிப்பார். பெண்டாட்டி பிள்ளை பேச்சு வந்தால்? கேட்டைத் திறக்காமலே ஒரு முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார். அந்த முத்திரைதான் 'ம்'.

கொடுமை என்னவென்றால், இந்தக் காரியம் முதலாளிக்கே தெரியாது. கவனம் வேறெங்கோ போவது ஒன்று; போய்விட்டது என்று உணர்வது இன்னொன்று. முதலாவது நடக்கும்போது இரண்டாவது அநேகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் அமீனுதீன் நெஞ்சில் கைவைத்து, "எங்கிட்ட யாரும் சொல்லவே இல்ல" என்கிறார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

ஜுலைகா கல்யாணமான புதிதில் இதற்காக அழுதாள். பிறகு ஒருநாள் சோதித்துப் பார்த்தாள்.

"என்னங்க, சோத்துல சிமென்ட்டு கலந்து வச்சிருக்கேன்."

"ம்."

"நீங்க தின்னது போக மீதிய சுவத்துல பூசிரலாமா?"

"ம், ம்."

அன்றோடு அழுகையை நிறுத்திவிட்டாள். மாடியில் ஒரு ரூம், தங்கைக்கு வளையல், புது கிரைண்டர் என்று அவர் செல்போனில் மூழ்கியிருக்கும் வேளையாகப் பார்த்துக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் 'ம்' கிடைத்தது. பின்னால் அவர் திருதிருவென்று விழித்தால், "நீங்கதான ம்-ன்னீங்க? ம்-ன்னா சம்மதந்தான்" என்று ஒரே போடு.

இந்தப் பாடத்தை ஒற்றை மகன் இஜாஸும் படித்துக்கொண்டிருந்தான் என்பதை அவள் கவனிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவன், தட்டுக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட்டை வைத்தான்.

"அம்மா, விசா வந்துருச்சு. அடுத்த வாரம் துபாய் கிளம்புறேன்."

ஜுலைகாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. 'ரெண்டே வருஷம்' என்று சொல்லிவிட்டுப் போன அவள் தம்பி சஹீர், தலை நரைத்த பிறகும் போனிலேயே குடும்பம் நடத்துகிறான். இஜாஸ் இல்லாத வீட்டை மனதுக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். எந்த அறையிலும் அவளால் உட்கார முடியவில்லை. கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரக் கேட்டுடா முடிவு பண்ணின?"

"அத்தாகிட்ட கேட்டேன். ம்-ன்னாங்க."

புயல் அமீனுதீன் பக்கம் திரும்பியது. "ஒரு ஜாடி மூடியப் போட்டு அந்த வாய அடைக்கணும். பெத்த புள்ளையக் கண்காணாத ஊருக்கு அனுப்ப உங்களுக்கு ஒரு ம் போதுமா?"

அமீனுதீன் வெளிறிப்போனார். தனக்குப் பிறகு மகன்தான் கடை என்று, புதுப் பெயர்ப்பலகைக்கு எழுத்துகூட யோசித்து வைத்திருந்தவர். "எங்கிட்ட யாரும்..." என்று தொடங்கி, எடுபடாது என்று நிறுத்திக்கொண்டார்.

"அவங்கள ஏம்மா திட்டுறீங்க? மொதல்ல உங்ககிட்டதான் கேட்டேன்" என்றான் இஜாஸ்.

"எங்கிட்டயா? எப்படா?"

"சீரியல்ல அந்தப் பொண்ணு மாடிப்படியிலேருந்து வுழுந்தாளே, அன்னிக்கு. பக்கத்துலதான் உக்காந்துருந்தேன். துபாய் போவட்டுமான்னேன். கண்ணத் தொடச்சிக்கிட்டே ம்-ன்னீங்க. எனக்காவத்தான் அழுவுறீங்கன்னு நெனச்சேன்."

அந்தப் பெண் வழுக்கிய படிக்கட்டு, அதில் எண்ணெய் ஊற்றிய நாத்தனாரின் புடவை நிறம், அத்தனையும் இப்போதும் ஜுலைகாவின் கண்முன் நின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் மட்டும் நினைவில் இல்லை.

ஏஜென்ட்டிடமிருந்து இஜாஸுக்கு ஏதோ மெசேஜ் வந்தது, குனிந்து பார்த்தான். அப்போதுதான் அமீனுதீன், இத்தனை வருஷமும் சேர்த்து வைத்திருந்த கவனத்தையெல்லாம் மகன் முகத்தில் கொண்டுபோய் வைத்துப் பேசினார்.

"போவாதப்பா. கடைய உன் இஷ்டத்துக்கு மாத்திக்க. ஆன்லைன்ல விக்கிறியா, வித்துக்க. நீ இல்லாம எங்க ரெண்டு பேருக்கும் இந்த வூடு எதுக்கு? இங்கியே இருந்துடு, என்ன?"

இஜாஸின் கட்டைவிரல் திரையில் ஏறி இறங்கியது.

"ம்" என்றான்.

ஜுலைகா அரை மாத்திரைகூடத் தாமதிக்கவில்லை. "கேட்டீங்கல்ல, புள்ள ம்-ன்னுட்டான்" என்றபடி பாஸ்போர்ட்டை எடுத்துப்போய் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இஜாஸ் தலை நிமிர்ந்தான். "எதுக்கு ம்-ன்னேன்?"

வாசகரே, நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கத் தொடங்கியபின் உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்களும் தலையை ஆட்டிப் பதில் சொன்னீர்கள். இதை மடித்து வைத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.