மாப்பிள்ளையின் கம்ப்யூட்டருக்கு நாங்கள் செய்த உபசாரம்

காரைக்கால்,
புதன்கிழமை, மாலை அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை ஜவஹர் அலி அவர்களுக்கு, மாமா கமாலுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இறைவன் கிருபையால் இங்கே நான் நலம், உங்கள் மாமி உம்மு சல்மா நலம், நீங்கள் விட்டுச் சென்ற கம்ப்யூட்டர் பெட்டியும், லேசாக மீன் வாடை அடிக்கிறது என்பதைத் தவிர, நலம். அங்கே நீங்களும் என் மகள் சுஹைனாவும் நலமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். கையில் போன் இருக்கும்போது மாமா ஏன் காகிதம் எடுத்தார் என்று நினைப்பீர்கள். சில விஷயங்களை மாமனார் மருமகனிடம் வாயால் சொல்ல முடியாது. எழுத்தில் இருந்தால்தான் அதற்கு ஒரு கௌரவம்.

பெருநாளைக்கு வந்திருந்த உங்களை ஞாயிற்றுக்கிழமை ஆபீசிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். பஸ் ஏறுமுன் ஹாலில் இருந்த பெட்டியைக் காட்டி எனக்குப் பாடம் எடுத்தீர்கள். “இது ஒரு டேட்டாபேஸ் மாமா. சாவியக் குடுத்தா அதுக்குரிய சாமானக் குடுக்கும், அவ்வளவுதான்” என்றீர்கள். எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. நம் இரும்புக் கடையில் முப்பது வருஷம் இருந்த பூமிநாதன் இதைத்தானே செய்தான், முக்கால் இஞ்ச் குழாய் எல்போ என்று வாடிக்கைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் சாமான் மேஜைக்கு வந்துவிடும். பழைய டேட்டாபேஸ் ஒன்று, நீங்கள் திருத்தி எழுதிய புதுசு ஒன்று. திங்கட்கிழமை பழசையும் செவ்வாய்க்கிழமை புதுசையும் இதே பெட்டியில் ஓட்ட வேண்டும், நான் காலையில் அதற்குரிய பொத்தானை அமுக்கி, சாயங்காலம் திரையில் வருகிற எண்ணைப் போனில் சொன்னால் போதும். விநாடிக்கு எத்தனை பேருக்குச் சாமான் கொடுக்கிறது என்பது அந்த எண். கடைசியாக நின்றவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்றும் பார்க்க வேண்டும் என்றீர்கள். அதுவும் புரிந்தது. உங்கள் நிக்காஹ் அன்று நாலு பேர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டில் கடைசிப் பந்திக்கு உட்கார்ந்த என் மச்சான் அலாவுதீன், சோறு வரத் தாமதமானதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறான். போகும்போது வாசலில் நின்று மறுபடியும் சொன்னீர்கள், “ரெண்டு நாளும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும் மாமா, ஒண்ணையும் மாத்திடாதீங்க” என்று.

இதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. புதுசு பழசைவிட ஒன்றரை மடங்காவது வேகம் என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் காட்டிவிட்டால், நீங்கள் பெங்களூரில் இருக்க வேண்டியதில்லை, ஊரில் இருந்தே வேலை பார்க்கலாம் என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார். நம்ம பக்கத்து வழக்கப்படி மகளுக்கென்று மாடி கட்டி, மாப்பிள்ளை வந்து இருக்க ஏசி வைத்து, தேக்குக் கட்டில் போட்டு, மூன்று வருஷமாக அது பூட்டிக் கிடக்கிறது. கீழே நானும் மாமியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், பேசுவதற்கு இருந்ததெல்லாம் போன ரமலானோடு தீர்ந்துவிட்டது. எங்களுக்கு சுஹைனா வேணும் மாப்பிள்ளை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை பிஸ்மில்லாஹ் சொல்லிப் பொத்தானை அமுக்கிவிட்டு நான் கடைத்தெருவுக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து உங்கள் மாமி ஹாலுக்கு வந்திருக்கிறாள். மாப்பிள்ளை சாமான் இப்படித் தூசி படக் கிடந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று, கல்யாணத்தில் நீங்கள் உட்கார்ந்த சோபாவுக்குப் போட்ட ஜரிகை வெல்வெட் துணியை பீரோவிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, பெட்டிமேல் போர்த்திவிட்டாள். அதோடு விட்டாளா, மாப்பிள்ளைக்கு ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளாது, தும்மல் வரும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டாள். உங்களுக்குத்தானே தும்மல் வரும், பெட்டிக்கு எப்படி வரும் என்று நான் வந்து கேட்டதற்கு, “அவர் சாமான் அவர் மாதிரிதான் இருக்கும், நீங்க சும்மா இருங்க” என்றாள். சும்மா இருந்தேன், வேறு என்ன செய்ய. வெயில் புழுக்கத்தில் பெட்டி மத்தியானம் முழுக்க இரைந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் எண் வந்தது, அறுபத்தோராயிரம். போனில் சொன்னேன். “பழசு அவ்வளவுதான் மாமா, நான் எதிர்பார்த்ததுதான்” என்று நீங்களும் சந்தோஷமாகச் சொன்னதால் துணி விஷயத்தை நான் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை புதுசை ஓட்டிவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் காசியம்மா, வஞ்சிரம் இருக்கு என்று கூடத்துக்கே வந்துவிட்டாள். பெட்டி வெல்வெட்டுக்குள் இரைகிறதைக் கேட்டுத் துணியைத் தூக்கி, புறங்கையை வைத்துப் பார்த்தாள். “என்ன பாய், இப்புடிக் கொதிக்குது? இது மீனா இருந்தா இந்நேரம் தூக்கிக் கொட்டணும்” என்றாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று எழுந்திருப்பதற்குள், மாமி சஹன் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்ட, காசியம்மா அதில் தூள் ஐஸைக் கொட்டி, மேலே பாலிதீன் விரித்து, பெட்டியைத் தூக்கி நடுவில் உட்கார வைத்துவிட்டாள். பிரியாணி வைக்கிற தட்டில் கம்ப்யூட்டரை நான் அன்றுதான் பார்த்தேன். இரைச்சல் அடங்கிவிட்டது. ஐஸ் உருக உருக அவள் கூடையிலிருந்து அள்ளிப் போட்டாள், அவள் மிச்ச ஐஸை விட்டுப் போன பிறகு மாமி போட்டாள், இரண்டு தடவை நானும் போட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். சாயங்காலம் வந்த எண் ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம்.

சொன்னதும் நீங்கள் போனில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சுஹைனா அழுதாள். மாமி அப்போதே மாடியைத் திறந்து, கழுவி, மெத்தையைத் தட்டிப் போட்டுவிட்டாள். சம்பிராணிகூடப் போட்டாள்.

அன்று ராத்திரி பூமிநாதன் வந்தான். நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவன் காபியைக் குடித்து முடித்துவிட்டு, “முதலாளி, நம்ம கடையில புதுத் தராசு வந்தா என்ன செய்வோம்? எடையத் தட்டு மாத்திப் போட்டுப் பாப்போம்ல. பழசையும் ஐஸ்ல வச்சு ஒரு தடவ ஓட்டிப் பாருங்களேன்” என்றான். முப்பது வருஷம் என் சோற்றைத் தின்றவன் இப்படிக் கேட்கலாமா சொல்லுங்கள். கேட்டுவிட்டான், அப்புறம் எனக்குத் தூக்கம் எங்கே வரும். இன்று காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, காசியம்மாவிடம் ஐஸ் வாங்கி, பழசை ஐஸ் தட்டில் வைத்து ஓட்டினேன். சற்றுமுன் எண் வந்தது. ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரம்.

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு, ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். உங்கள் புதுசு பழசைவிட நூற்றுக்கு நாலு பங்குதான் வேகம் மாப்பிள்ளை, மீதியெல்லாம் காசியம்மாவின் ஐஸும் உங்கள் மாமியின் வெல்வெட்டும். மாமியிடம் சொன்னேன். “ஐஸ் போட்டா நல்லா ஓடுதுன்னா ஐஸப் போட்டுட்டுப் போறது, இதுல என்ன குத்தத்தக் கண்டீங்க” என்கிறாள். அவளுக்கு மாடியைத் தவிர வேறு நினைப்பு இல்லை. எனக்கும் இல்லைதான். ஆனால் கடையில் ஒருநாள்கூட அளவு குறைத்துக் கொடுத்தவன் இல்லை நான். பொய்யான எண்ணை என் வாயால் சொல்லி, அதை நம்பி என் மருமகன் நாலு பேர் முன்னால் நின்று பேசுவதை என்னால் தாங்க முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இந்த உண்மையை அப்படியே சொல்லிவிடுங்கள். மாடி பூட்டிக் கிடந்தால் கிடந்துவிட்டுப் போகட்டும்.

உங்களுக்கு நீண்ட ஆயுளையும், குறையாத சோறும் வருமானமுமாகிய ரிஸ்கையும், நேர்மையான பேரையும் அல்லாஹ் தருவானாக. சுஹைனாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். மாமி ஸலாம் சொல்லச் சொன்னாள், அவளுக்கு இந்தக் கடிதத்தில் உடன்பாடு இல்லை என்பதையும் எழுதச் சொன்னாள்.

வஸ்ஸலாம்.
இப்படிக்கு,
உங்கள் மாமா கமாலுதீன்

பின்குறிப்பு: இதைத் தபாலாபீசில் நின்று எழுதுகிறேன். கவுண்ட்டரில் இருக்கும் பெண்ணிடம் விசாரித்தேன். ஸ்பீட் போஸ்டில் போட்டால் பெங்களூருக்கு வெள்ளிக்கிழமை காலையே போய்ச் சேர்ந்துவிடுமாம். சாதாரணத் தபால் என்றால் திங்கட்கிழமைக்கு மேல் ஆகுமாம். “ரொம்ப அவசரமாய்யா?” என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். அவசரம் ஒன்றும் இல்லம்மா, சாதாரணத்திலேயே போடுங்க என்று சொல்லிவிட்டேன். என் மனசாட்சிக்கு நான் எழுதியாயிற்று. காசியம்மாவிடம் தினம் ஒரு கூடை ஐஸுக்கு நிரந்தரமாகச் சொல்லிவைத்திருக்கிறேன், நீங்கள் வந்து இங்கிருந்தே வேலை பார்க்கும்போது தேவைப்படும்.