செம்பவாங்கில் நட்ட பந்தக்கால்

அன்று காலை அங்கே இருந்தவர்கள் இவர்கள்.

என் அம்மா ஞானம்மாள். ஊரிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. லிஃப்ட்டில் ஏறும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்வாள். இறங்கும்போது இன்னொன்று.

என் தங்கை பிரிஸ்கா. கல்யாணப் பெண். இங்கே சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ்.

டெரிக். மாப்பிள்ளை. அதிகம் பேசாதவர். எனக்கு அதனாலேயே பிடித்துப்போனது.

மார்கரெட் ஆன்ட்டி. டெரிக்கின் அம்மா. பிடோக்கில் பிறந்து பிடோக்கில் வளர்ந்தவர். அன்று வெள்ளை ஷூ போட்டு வந்திருந்தார்.

லிம் அங்கிள். பிரிஸ்கா வாடகைக்கு இருந்த அறை அவருடைய வீட்டில்தான். செம்பவாங்கில், நான்காம் மாடி.

உபதேசியார் லாசர். கோயிலில் தமிழ் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். கையில் தீர்த்த பாட்டில்.

முருகேசன். துவாஸ் விடுதியில் எனக்கு மேல் கட்டில். மூங்கிலை லாரியில் போட்டுக் கொண்டுவந்தவன் அவன்தான். (தேக்கா சந்தையிலிருந்து ரயிலில் கொண்டுவரப் பார்த்தேன். ஸ்டேஷன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.)

கடைசியாக நான். பெயர் மரியதாஸ். எட்டாம் வகுப்பு வரை படிப்பு. துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை. என்ன வேலை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பைப் ஃபிட்டர்.

கல்யாணத்தை ஊரில் வைக்க முடியவில்லை. டெரிக்கின் அப்பாவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். அவரால் பயணம் செய்ய முடியாது. ஆகவே கல்யாணம் சிங்கப்பூரில் என்று முடிவானது. எங்கள் அப்பா இல்லை. பெண் வீட்டு ஆள் என்றால் அம்மா, நான், முருகேசன். முருகேசன் சொந்தம்கூட இல்லை.

பிரிஸ்காவுக்கு ஒரே ஒரு கவலைதான். கோயிலில் இடது பக்கம் பெண் வீட்டார், வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டார். இடது பக்கம் காலியாகக் கிடக்கும்.

மார்கரெட் ஆன்ட்டி நல்ல மனதோடுதான் வழி சொன்னார்.

"எங்க சைடு ஆளுங்க பாதிப் பேரை உங்க சைடுல உட்கார வச்சிடலாம் லா. போட்டோல யாருக்குத் தெரியப் போகுது? நோ ப்ராப்ளம்."

பிரிஸ்கா சிரித்துத் தலையாட்டினாள். அவர் போன பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய் சத்தத்துக்கு மேல் கேட்டது.

"அந்த வீட்டுல காலம் பூரா இருக்கப் போறவ நான். ஆள் இல்லாத வீட்டுப் பொண்ணுன்னு உள்ள போகணுமாண்ணே?"

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"பந்தக்கால் நடுல. எல்லாம் சரியாவும்."

எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ வேதக்காரர்களும் பந்தக்கால் நடுவோம். பெண் வீட்டு வாசலில் குழி வெட்டி, பால் ஊற்றி, நவதானியம் போட்டு, மூங்கிலில் மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டி நட வேண்டும். உபதேசியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். கல்யாணம் முடியும் வரை அதைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் கல்யாணத்தைப் பிடுங்கியது போல.

"கால் நட்டாத்தான் இந்த வீட்ல கல்யாணம்னு தெருவுக்குத் தெரியும்," என்றாள் அம்மா. "தெருவுக்குத் தெரிஞ்சா ஆள் தன்னால வரும்."

"இங்க தெரு ஏதும்மா? அடுக்குமாடி புளோக்குல்லா."

அம்மா ஜன்னல் வழியாகக் கீழேயும் மேலேயும் பார்த்தாள்.

"பன்னெண்டு மாடி இருக்கு. நெட்டுக்குத்தா நிக்கிற தெரு. அவ்வளவுதான்."

மார்கரெட் ஆன்ட்டியிடம் சொன்னோம். அவர் மறுக்கவில்லை. "இங்க எல்லாரும் பெயிண்ட் டின்ல மண்ணைப் போட்டு நட்டுடுவாங்க. அப்புறம் கிளீன் பண்றதும் ஈஸி லா."

நான்தான் கெடுத்தேன்.

"டின்ல நட்டா அது பந்தக்கால் இல்ல ஆன்ட்டி. ரோஜாச் செடி. என் தங்கச்சிக்கு மண்ணுலதான் நடுவேன்."

பிரிஸ்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, உன்னக் கையெடுத்துக் கும்பிடுதேன். அவங்க முன்னாடி நம்ம மானம் போற மாதிரி எதுவும் பண்ணிராத."

"ஒரு குழி வெட்டணும். இதுல என்ன மானம் போவப் போவுது?" என்றேன்.

புளோக்கின் பக்கவாட்டில் புல்தரை. லிம் அங்கிளிடம் அனுமதி கேட்டேன். கையால் ஒரு கம்பு நிற்பது போலக் காட்டினேன். "கேன், கேன்," என்றார். சரி, செய்யலாம் என்று அர்த்தம். அவர் கொடிக்கம்பம் என்று நினைத்துக்கொண்டார். அந்தப் புல்லுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. கம்பெனியில் ஒரு சின்ன வேலைக்குக்கூடப் பேப்பரில் அனுமதி வாங்கித்தான் கை வைப்போம். அன்று அது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்தேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். முழங்கால் ஆழம் போயிருக்கும். டங் என்றது.

முருகேசன் குனிந்து பார்த்தான். "அண்ணே, பைப்பு மாதிரி இருக்கு."

"கல்லுடா."

"கல்லு இப்படி உருண்டையா நீளமாவா இருக்கும்?"

"யார்றா பைப் ஃபிட்டர்? நீயா, நானா?"

அவன் இரண்டு அடி தள்ளி நின்றான். கப்பலில் பைப் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதியிருக்கும். மண்ணுக்குள் பைப் ஓடும் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். ஆனால் மார்கரெட் ஆன்ட்டி பார்த்துக்கொண்டிருந்தார். குழியை மூடிவிட்டு வேறு இடத்தில் வெட்ட என் மனம் ஒப்பவில்லை.

இன்னொரு போடு போட்டேன்.

உபதேசியார் அப்போதுதான் தீர்த்த பாட்டிலின் மூடியைத் திறந்திருந்தார். எங்கள் மேல் தெளிக்க வந்தவரைத் தண்ணீர் முழுதாக நனைத்துவிட்டது. இரண்டாம் மாடியில் கம்பில் காயப்போட்டிருந்த துணிகளும் நனைந்தன. லிம் அங்கிள் சீன மொழியில் ஏதோ சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் புரிந்தது.

கப்பலில் கசிவு வந்தால் முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். குழிக்குள் இறங்கிக் கையால் அடைத்தேன். நிற்கவில்லை. காலால் அடைத்தேன். அதற்கும் நிற்கவில்லை. கடைசியில் அடைத்தது எதனால் என்று எழுத முடியாது. (உட்கார்ந்தேன்.)

தண்ணீர் கொஞ்சம் குறைந்தது. அந்த நேரத்தில் அம்மா கத்தினாள்.

"ஏல, பந்தக்கால நட்டுருங்கல! நேரம் போவுது!"

"அம்மா, பைப்பு உடஞ்சிருச்சு!"

"அது உடஞ்சா உடஞ்சிட்டுப் போவுது. நீ கொஞ்சம் நவுந்து உக்காரு!"

நகர்ந்து உட்கார்ந்தேன். முருகேசன் மூங்கிலை என் பக்கத்தில் இறக்கினான். அம்மா பாலை ஊற்றினாள். பாதி என் தலையில். உபதேசியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு பரலோக மந்திரத்தை ஆரம்பித்தார். நல்ல மனிதர். ஒரு வரியையும் விடவில்லை.

மூங்கில் சேற்றில் நிற்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அம்மா பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் வழுக்கினாள். மூங்கிலும் அம்மாவும் சேர்ந்தே சாய்ந்தார்கள்.

பிரிஸ்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது மார்கரெட் ஆன்ட்டி நடந்து வந்தார். ஷூவைக் கழற்றவில்லை. அப்படியே சேற்றில் இறங்கி மூங்கிலின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

"பிடிங்க சம்பந்தி. விட்டுடாதீங்க," என்றார்.

"நீங்க விட்டுராதீங்க மைனி," என்றாள் அம்மா.

இரண்டு பேரும் விடவில்லை. நான் அவர்கள் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் புளோக்கில் எல்லா வீட்டுக் குழாயிலும் தண்ணீர் நின்றுபோனது. ஆட்கள் இறங்கி வர ஆரம்பித்தார்கள். ஒரு மலாய் அம்மா தலையில் ஷாம்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஒரு சீனப் பாட்டி பாதி கழுவிய அரிசிப் பானையோடு வந்தார். பக்கெட்டோடு வந்தார்கள். போனோடு வந்தார்கள். குழியைச் சுற்றிக் கூட்டம். எல்லோரும் முதலில் மூங்கிலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? கால் நட்டாச்சு. தெருவுக்குத் தெரிஞ்சு போச்சு."

கை இரண்டும் மூங்கிலில் இருந்ததால் கும்பிட முடியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டிச் சொன்னாள். "எம் பொண்ணுக்குக் கல்யாணம். வந்துருங்க. நீங்களும் வந்துருங்க தாயி."

பிரிஸ்கா ஒவ்வொருவரிடமும் சாரி, சாரி என்று சொல்லிக்கொண்டே போனாள். அம்மா என்ன சொல்கிறாள் என்று அவர்கள் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் அதையும் சொன்னாள். மார்கரெட் ஆன்ட்டி மூங்கிலைப் பிடித்தபடியே கோயில் பெயரையும் நேரத்தையும் சேர்த்துச் சொன்னார். மலாய் அம்மாவிடம் மலாயில் சொன்னார்.

பழுது பார்க்கிறவர்கள் வந்தார்கள். கூடவே ஒரு அதிகாரி, சின்னப் பெண். அவள் மூங்கிலைக் காட்டி அதைப் பிடுங்கச் சொன்னாள். மேஸ்திரி அறந்தாங்கிக்காரர். மாவிலையையும் மஞ்சள் துணியையும் பார்த்தார்.

"பந்தக்காலா? யார் வீட்டுக் கல்யாணம்?"

"நம்ம வீட்டுதான் தம்பி. வந்துரு," என்றாள் அம்மா.

மேஸ்திரி அதிகாரியைப் பார்த்தார். பிறகு கழுத்தைச் சொறிந்தார். மார்கரெட் ஆன்ட்டிதான் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் பேசினார். என்ன பேசினார் என்று பிரிஸ்கா பிறகு எனக்குச் சொன்னாள்.

"மிஸ், இது என் மகன் கல்யாணம். கல்யாணம் முடியிற வரைக்கும் இது வெளிய வராது. ஃபைன் போடணும்னா தாராளமா போடுங்க." குழியைக் காட்டினாராம். "அவருக்கு."

கம்பை விட்டுவிட்டுச் சுற்றித் தோண்டினார்கள். வால்வை மூடியதும் மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

"எந்திரிங்கண்ணே. தண்ணி நின்னுருச்சு."

நான் எழவில்லை. (பட்டு வேட்டி நனைந்தால் எப்படி இருக்கும் என்று கட்டியவர்களுக்குத் தெரியும்.) முருகேசன் லாரியிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்தான்.

"அண்ணே என்ன வேலை பாக்குறீங்க?" என்று மேஸ்திரி கேட்டார்.

"பெயிண்டர்," என்றேன்.

"பைப் ஃபிட்டர்ணே!" என்றான் முருகேசன்.

அபராதம் வந்தது. கட்டினேன். கம்பெனியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். வேலை போகவில்லை. ஆனால் பாதுகாப்புக் கூட்டத்தில் என் போட்டோவைத் திரையில் போட்டார்கள். முகத்தை மறைத்திருந்தார்கள். தார்ப்பாயை மறைக்கவில்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பிரிஸ்கா கல்யாணம் வரை என்னிடம் பேசவில்லை. கல்யாணத்தன்று அப்பா இடத்தில் நான்தான் அவளைக் கோயிலுக்குள் அழைத்துப் போக வேண்டும். வாசலில் நின்றோம். கை கோர்த்தோம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இடது பக்கத்தைப் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை.

நடந்தோம். பாதி வழியில் நிமிர்ந்தாள்.

லிம் அங்கிள் டை கட்டி முதல் பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். பின்னால் மலாய் அம்மாவும் அவர் கணவரும் மூன்று பிள்ளைகளும். சீனப் பாட்டி. மேஸ்திரியும் அவர் ஆட்களும், இஸ்திரி போட்ட சட்டையோடு. முருகேசன் கூட்டி வந்த விடுதிப் பையன்கள். பெயர் தெரியாத முகங்கள் நிறைய. வாசலில் நின்றவர், பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டாராம். தண்ணீர் வந்த வீடு என்று சொன்னார்களாம். இடது பக்கம் அனுப்பிவிட்டார்.

பிரிஸ்கா என் கையைக் கிள்ளினாள்.

"யாருண்ணே இவங்கள்லாம்?"

"நம்ம ஆளுகதான்," என்றேன்.

பிரியாணி பாதியில் தீர்ந்துபோனது. மாப்பிள்ளையும் பெண்ணும் அன்று சாயங்காலம் கப் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள்.

இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. ஞானஸ்நானத்தன்று சாமியார் தண்ணீரைக் கையில் எடுத்ததும் டெரிக் என் பக்கம் குனிந்தார். "மச்சான், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க." அவ்வளவு பேசாத மனிதர். வீட்டில் குழாய் ரிப்பேர் என்றால் என்னைத் தவிர யாரை வேண்டுமானாலும் கூப்பிடுகிறார்கள். குழந்தை என்னைப் பைப் மாமா என்றுதான் கூப்பிடுகிறது. என் பெயர் அதற்கு இன்னும் தெரியாது.

மார்கரெட் ஆன்ட்டி வீட்டுக்கு யார் வந்தாலும் கதையைச் சொல்கிறார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொல்கிறார். முடிவில் கணக்கு. சாப்பாட்டுக்காக உபதேசியார் கோயிலில் ஆள் எண்ணியிருந்தார்.

மாப்பிள்ளை வீடு எண்பத்து நான்கு. பெண் வீடு நூற்றுப் பத்தொன்பது.