விரைவில் பதில் எழுதுவேன்

இறந்துபோன கணவரின் மின்னஞ்சல் பாஸ்வேர்டு என்னவாக இருக்கும் என்று கண்ணாடிக் கடைக்காரம்மா மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். தன் பெயரை அடித்தார். இல்லை என்றது. கல்யாண நாளை அடித்தார். அதுவும் இல்லை. அவர் செல்லமாக வளர்த்த பூனையின் பெயரை அடித்ததும் கணக்கே பூட்டிக்கொண்டது. ‘உரியவர் நேரில் வரவும்.’

உரியவர் போன வருடமே மின் தகனத்தில் புகையாகிவிட்டார். நேரில் வர வேண்டுமென்றால் காற்று திசை மாறி வீசினால்தான் உண்டு.

வம்பு அவர் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. படித்து முடித்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை மாதக் கடைசியில் மூடப்போகிறார்களாம்; வேண்டுகிறவர்கள் உள்ளே நுழைந்து ‘வேண்டும்’ என்று சொல்ல வேண்டுமாம். கண் பரிசோதனைக்கு வந்த ஒரு பட்டதாரி, எழுத்துப் பலகையைப் படிப்பதை நிறுத்திவிட்டு இதைச் சொல்லிப் புலம்பினார். அம்மாவுக்குத்தான் கண் இருட்டியது.

அமரர் ஊர்தி ஓட்டும் தம்பியைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு மணி நேரம் உன் மாமாவா நடிச்சுட்டு வாடா."

"அக்கா, நான் போனவங்களைக் கொண்டுபோய் விடுறவன். திருப்பிக் கூட்டிட்டு வர்றது நம்ம தொழில்லயே இல்ல."

"அவர் முகவரிய மூடப்போறாங்கடா."

"ஆளே போயாச்சு. முகவரி எதுக்கு?"

அம்மா போனை நீட்டினார். தினமும் கடையைப் பூட்டியதும் அவருக்கு ஒரு மடல் எழுதுவார். குழாய் ஒழுகுவது, முட்டி வலிப்பது, எல்லாம் அதில் இருக்கும். எழுதி முடித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதற்குள் பதில் வந்து விழும்: ‘உங்கள் மடல் கிடைத்தது. சற்று வேலையாக இருக்கிறேன். விரைவில் பதில் எழுதுவேன்.’

"இது மெஷின் போடுற பதில்க்கா. யார் எழுதினாலும் இதேதான் வரும்."

"வரட்டும். எனக்கும் வருதில்ல? உயிரோட இருந்தப்பவும் இதேதான் வரும். அந்த மனுஷன் மாறவே இல்லடா." அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வீட்டுல எனக்குப் பதில் சொல்ல வேற யாரு இருக்கா? இதுவும் நின்னுட்டா நான் சுவத்தோடதான் பேசணும்."

தம்பி அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வேறு வண்டி கிடைக்கவில்லை.

பல்கலைக்கழக வாசலில் அமரர் ஊர்தி நுழைந்ததும் காவலாளி தொப்பியைக் கழற்றினார். துணைவேந்தர் போய்விட்டார் என்று கிளம்பிய செய்தி, அக்காவும் தம்பியும் படியேறுவதற்குள் மூன்று கட்டடங்களைச் சுற்றி வந்துவிட்டது. தேர்வு தள்ளிப்போனது. அந்த நாற்காலிக்கு நான்கு பேர் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார்கள். துணைவேந்தரே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "யாருப்பா போனது?" என்று விசாரித்தார்.

கணினிப் பிரிவு அதிகாரி தம்பியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல சுத்தமா வழுக்கையா இருக்கீங்களே சார்?"

"இப்ப ஓய்வா இருக்கேன். முளைச்சிடுச்சு."

"எதுல ஆராய்ச்சி பண்ணீங்க?"

"மண்ணுல." அது ஒன்றைத்தான் அக்கா சொல்லிக்கொடுத்திருந்தார்.

"ஏன் மண்ணை எடுத்தீங்க?"

"கடைசில எல்லாரும் அங்கதானே சார் போகணும்."

தொழில் அனுபவம் பேசியது. அதிகாரி நெகிழ்ந்துபோனார். விதி நெகிழவில்லை.

"‘வேண்டும்’னு சொல்றதுக்கு நேத்தோட நாள் முடிஞ்சுது சார். படிச்சு முடிச்சவங்க எதுக்கு முகவரியைக் கட்டிக்கிட்டு அழணும்? வீட்டைக் காலி பண்ணினா சாவியக் கொடுத்துட்டுப் போறதில்லயா?"

"படிச்ச இடம் தாய்வீடு மாதிரி" என்றார் அம்மா. "பொண்ணைக் கட்டிக்கொடுத்தாச்சுன்னு கதவைச் சாத்திடுவீங்களா?"

"நான் என்னம்மா பண்றது? காலமானவங்க முகவரிய மட்டும் நினைவுக்காக அப்படியே விட்டுடறோம். உயிரோட இருக்கறவங்களுக்கு வழியே இல்ல."

அம்மா தம்பியைக் கையால் காட்டினார்.

"அப்படின்னா இவர் செத்துட்டார் சார்" என்றார் அம்மா.

அதிகாரி தம்பியைப் பார்த்தார். தம்பி மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டான்.

பிறகு உண்மை முழுவதும் வெளியே வந்தது. இறப்புச் சான்றிதழும் கைப்பையிலிருந்து வந்தது. அதிகாரி திட்ட வாயைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற வண்டி கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு கணக்கைத் திறந்தார்.

"நினைவுக் கணக்கா மாத்திட்டேன். இனி யாரும் இதைத் தொட மாட்டாங்க."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் தானா வர்ற பதில் மட்டும் நின்னுடக் கூடாது சார். அதுக்காகத்தான் இவ்வளவும்."

அதிகாரி திரையைத் துழாவினார். புருவம் மெல்ல மேலே ஏறியது.

"நிக்காதும்மா. ஆனா அவர் இதை எல்லாருக்கும் வைக்கலையே. ஒரே ஒரு முகவரியிலேருந்து வர்ற மடலை மட்டும் படிக்காமலே குப்பையில தள்ளிட்டு, இந்தப் பதிலைப் போடச் சொல்லி வச்சிருக்கார். யாரும்மா அது, இன்சூரன்ஸ் ஏஜெண்டா?"