ஓரினின் நெஞ்சுப் பாரம்

"நான் போறேன் கோச்" என்கிற மூன்று சொற்கள் ஓரின் ஜேடனின் தொண்டையில் காலையிலிருந்து மீன் முள் மாதிரி நின்றுகொண்டிருந்தன.

வெளியே அயோவா மாநிலத்தின் பனி அவசரமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. மல்யுத்த அறைக்குள் ஹீட்டர் முழு மூச்சாக ஓடியது. ஜன்னலில் ஆவி படர்ந்து, அறுத்துவிட்ட சோளக்காடும் தானியக் கிடங்கும் பால் கலந்த தண்ணீரில் மிதப்பதுபோலத் தெரிந்தன.

ஓரின் தரையில் விரித்திருந்த மல்யுத்த மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சின்னக் கல்லூரியில் உதவிப் பயிற்சியாளன் என்றால் மெத்தை துடைக்க வேண்டும், உடுப்புத் துவைக்க வேண்டும், வேன் ஓட்ட வேண்டும், எடை கூடியவனைத் திட்ட வேண்டும், தோற்றவனைத் தோளில் சாய்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பையன்கள் பிடி போட்டுப் பழகத் தன் உடம்பைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்துக் கொடுத்து அவனுடைய இரண்டு காதும் நசுங்கித் தடித்துக் காலிஃபிளவர் மாதிரி ஆகிவிட்டன. முடி கொட்டிவிட்டது. கட்டிக்கொள்வதாக இருந்த பெண் காத்திருந்து பார்த்து, ஒரு பல் டாக்டரோடு டெ மாய்ன் நகரத்துக்குப் போய்விட்டாள்.

ஈரத் துடைப்பம் போன வழியெல்லாம் மெத்தை மின்னியது. அந்த மினுமினுப்பில் ஓரின் தன் எதிர்காலத்தைப் பார்த்தான். நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு கல்லூரி அவனைத் தலைமைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டிருந்தது. கதவில் அவன் பெயர் இருக்கும். மெத்தை ஓரத்தில் தலைமைப் பயிற்சியாளர் உட்காரும் முன் நாற்காலி அவனுடையது. துடைப்பதற்கு வேறு ஆள். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கதவு திறந்தது. தலைமைப் பயிற்சியாளர் கார்ல்டன் ஹூக்ஸ்ட்ரா, தோளில் பனியோடு உள்ளே வந்தார். கிடாக் கழுத்து, குழந்தை முகம்.

"கோச், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன்," என்றபடி ஷூ கயிறு கட்டக் குனிந்தவர், மூச்சு வாங்கிப் பாதியிலேயே நிமிர்ந்தார். இன்னொரு முறை குனிந்தார். அப்போதும் பாதியில் நிமிர்ந்தார். ஓரினுக்கு உள்ளம் உருகிப்போனது. இந்த மனுஷனை விட்டுவிட்டா போவது?

"அது... என் முட்டி வலிக்குது கோச்."

"எந்த முட்டி?"

ஓரின் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. "இடது... இடதுதான்."

"ரோக்சீ!"

அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போடும் ரோக்சி ஓடிவந்தாள். ஐஸ் பொட்டலங்களை அடுக்கி, தொடையிலிருந்து கணுக்கால் வரை சுற்றினாள். காலை மடக்கவே முடியவில்லை.

"இந்த முட்டியை வச்சுக்கிட்டா தொடைச்சே? பைத்தியக்காரா!" என்று சொல்லி, ஹூக்ஸ்ட்ரா துடைப்பத்தைப் பிடுங்கித் தானே மெத்தையைத் துடைக்க ஆரம்பித்தார். ஓரின் மூலையில் காலை நீட்டிக்கொண்டு அதைப் பார்க்க வேண்டியதாயிற்று. ஐஸ் உருகி வழிந்தது. அவன் மனமும்தான்.

மத்தியானம் போட்டி. பக்கத்து ஊர்க் கல்லூரிப் பையன்கள் வந்து இறங்கிவிட்டார்கள். உடை மாற்றும் அறையில் ஹூக்ஸ்ட்ரா அவனை ஓரமாக இழுத்தார்.

"இன்னைக்குப் பசங்ககிட்ட நீயே பேசுப்பா. எனக்குத் தொண்டை சரியில்ல."

ஓரின் திகைத்தான். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டுகூட போட்டிக்கு முந்தைய அந்தப் பேச்சை விட்டுக்கொடுக்காத மனுஷன் அவர்.

"முன் நாற்காலியிலயும் நீயே உக்காந்துக்கோ."

"எதுக்கு கோச்?"

"காலை நீட்ட இடம் வேணும்ல?"

ஓரின் பேசினான். என்ன பேசினான் என்று அவனுக்கே தெரியாது. பின்வரிசையில் ஹூக்ஸ்ட்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் தெரிந்தது. கிழவர் தளர்ந்துவிட்டார். இனி ஒரு பொய்யும் வேண்டாம், உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தான்.

"கோச், முட்டி நல்லாத்தான் இருக்கு. விஷயம் வேற."

"என்னடா?"

"நெஞ்சுல ஒரு பாரம் கோச். ரொம்ப நாளாவே."

ஹூக்ஸ்ட்ராவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "ரோக்சீ!"

அடுத்த நிமிஷம் ஓரின் சிகிச்சை அறைக் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். மார்பெங்கும் ஈசிஜி ஒயர்கள்.

"இது மனபாரம் ரோக்சி. உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"எங்க சித்தப்பாவும் இதையேதான் சொன்னாரு."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"நீங்க பேசக் கூடாது." அவள் வாசலில் நின்ற ஹூக்ஸ்ட்ராவிடம் திரும்பினாள். "மெஷின்ல ஒண்ணும் தெரியல கோச். ஆனாலும் டாக்டர் பாக்குற வரைக்கும் அதிர்ச்சி மட்டும் ஆகவே ஆகாது."

ஹூக்ஸ்ட்ரா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். போய்விட்டார்.

தனியே கிடந்தான் ஓரின். ஜன்னலில் பனி கீழே விழுகிறதா, கட்டில் மேலே மிதக்கிறதா என்று புரியவில்லை. அரைத் தூக்கத்தில் நெப்ராஸ்கா வந்தது. முன் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருக்கிறான். மெத்தை வெள்ளை வெளேரென்று அடிவானம் வரை விரிந்து கிடக்கிறது. அதன் மறு ஓரத்தில், எறும்பளவு உயரத்தில், ஹூக்ஸ்ட்ரா குனிகிறார், நிமிர்கிறார், குனிகிறார். உதவிக்கு ஓட ஓரின் எழுந்தால் நாற்காலியும் கூடவே ஒட்டிக்கொண்டு எழுகிறது.

அரங்கத்தின் கூச்சல் அவனை எழுப்பியது. கடைசிக் குஸ்தி! ஓரின் துள்ளி எழுந்தான். ஒயர்கள் வால்போலத் தொங்க, கட்டுப்போட்ட காலைக் கட்டையாக வீசி வீசி ஓடினான்.

மெத்தை ஓரத்தில் முன் நாற்காலி காலியாக இருந்தது. ஹூக்ஸ்ட்ரா பின் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய கனத்த எடைப் பிரிவுப் பையன் அடியில் மாட்டியிருந்தான்.

"இடுப்பைத் தூக்குடா! இடுப்பு!" என்று ஓரின் அலறினான்.

பையன் திரும்பிப் பார்த்தான். அரங்கமே திரும்பிப் பார்த்தது. மேலே கிடந்த எதிராளியும், ஒயர் முளைத்து வரும் இந்த உருவத்தைப் பார்த்து ஒரு கணம் பிடியைத் தளர்த்தினான். பையனுக்கு அது போதும். இடுப்பைத் தூக்கிப் புரட்டி, எதிராளியின் இரண்டு தோளையும் மெத்தையோடு அழுத்திவிட்டான். நடுவர் மெத்தையில் அறைந்தார். ஜெயித்தாகிவிட்டது.

அந்த ஆரவாரத்தில் ஹூக்ஸ்ட்ரா அவனைக் கட்டிக்கொண்டு, "ஓடாதடா, ஓடாதடா, உன் நெஞ்சு" என்று விம்மினார்.

ஓரின் முடிவுக்கு வந்துவிட்டான். வெளியே போனான். கார் நிறுத்துமிடத்தில் கார்களெல்லாம் வெள்ளை மேடுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தன. போனில் நெப்ராஸ்காவைக் கூப்பிட்டான்.

"வரமாட்டீங்களா? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றது குரல்.

"யோசிச்சா சொல்ல முடியாதுங்க," என்றான் ஓரின்.

நெஞ்சு பஞ்சுபோல லேசாகிவிட்டது. திரும்பி வந்தபோது ஹூக்ஸ்ட்ரா அலுவலக வாசலில் நின்றிருந்தார்.

"ஓரின், இப்படி உக்காரு. நான் ஒண்ணு..."

"முதல்ல நான் சொல்லிடறேன் கோச்! எனக்கு வேற ஊர்ல வேலை குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்த முன் நாற்காலி உங்களுது. நீங்க இருக்கிற வரைக்கும் நான் இருப்பேன். நீங்க இல்லாத இந்த இடத்தை நினைச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்குது கோச்."

ஹூக்ஸ்ட்ரா அவன் நெஞ்சைப் பார்த்தார். "அப்படியாப்பா..." என்றார். பிறகு மெதுவாகத் திரும்பி, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த விளையாட்டுத் துறைத் தலைவரின் அறைக்கு நடந்தார்.

பாவம், சந்தோஷத்தில் வார்த்தை வரவில்லை என்று ஓரின் நினைத்துக்கொண்டான். பெஞ்சில் உட்கார்ந்து கட்டை அவிழ்க்க ஆரம்பித்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல பிடி போட்டுவிட்ட நிறைவு. பனி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. மெத்தையை இன்னொரு தடவை துடைக்க வேண்டும். அதுகூட இனித்தது.

ஹூக்ஸ்ட்ராவின் மனைவி ஆர்டித் ஒரு பெரிய கேக்கைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து அவன் எதிரே நின்றாள்.

"ஏம்ப்பா ஓரின், அவர்கிட்ட அப்படி என்னதான் சொன்னே? இன்னைக்கோட ரிட்டையர் ஆகி நாற்காலியை உன்கிட்ட ஒப்படைக்கிறதைச் சொல்லத்தான் காலையிலேருந்து வாய் வராம தவிச்சாரு. இப்போ 'நான் போனா அவன் நெஞ்சு தாங்காது'ன்னு சொல்லி இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்கிறாரே!"