வலதும் போலாம் மாப்ள

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் உண்மையைச் சொல்லிவிடலாம், வீட்டு மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்ல முடியாது. மற்ற வீடுகளில் எப்படியோ, என் மாமனார் வீட்டில் இதுதான் சட்டம். நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போய் நின்றாலும் "புது மாடலா மாப்ள?" என்றுதான் கேட்பார்கள். இந்தச் சட்டத்தில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று தெரியாமல்தான் அந்தப் புண்ணியவான்களை இரண்டு நாள் சுற்றுலாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

முதலில் என் மாமனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் பல காலம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு செமோரில். குரல் என்றால் அப்படி ஒரு குரல். மகன் தினேஷை அவர் "டேய்" என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பார். என்னிடம் மட்டும் அவருக்கு இரண்டே வாக்கியம். "வாங்க மாப்ள." "சாப்டீங்களா மாப்ள?" அதைச் சொல்லிவிட்டு, காற்றாடிக்கு நேரே இருக்கும் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். கல்யாணமாகி ஆறு வருடமாக அந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பா ஒங்க மேல மரியாதையா இருக்காருலா. அதுவும் குத்தமா?" என்பாள் என் மனைவி மாலதி.

"மரியாதய வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?" என்பேன்.

என் அப்பா நான் பதினைந்து வயதில் படிவம் மூன்றில் படிக்கும்போது இறந்துபோனார். அதற்குப் பிறகு கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் என்னை டேய் போட்டு அதட்ட ஆளில்லை. அம்மா அதட்ட ஆரம்பித்தால் பாதியிலேயே அழுதுவிடுவார், அதனால் அதட்டுவதையே விட்டுவிட்டார். வாய்விட்டுச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: தினேஷ் திட்டு வாங்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். இந்த மனிதரிடம் எப்படியாவது ஒரு திட்டு வாங்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். (கேட்டால் சிரிப்பீர்கள். மாலதியும் சிரித்தாள்.)

ஒரு செப்டம்பர் மாதம் எனக்கு அந்த ஞானோதயம் வந்தது. சேர்ந்து அலைந்தால் மனிதர்கள் நெருங்கிவிடுவார்கள்! நானே திட்டம் போட்டேன். முதல் நாள் ஈப்போ பழைய பட்டணம்: சுவரோவியங்கள், ரயில் நிலையம், குகைக்கோயில். மறுநாள் இயற்கை: மாமா பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ஒரு நடை, அவர் சின்ன வயதில் குதித்து விளையாடிய ஆற்றில் ஒரு குளியல். அந்த ஆற்றங்கரையில் அவர் மனம் திறந்து பேசுவார், நான் கேட்பேன், அவர் என் தோளில் கை போடுவார் என்றெல்லாம் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு ஒன்று தொடங்கி திட்டத்தை ஒவ்வொன்றாகப் போட்டேன். காலை ஏழு மணிக்கு நகர நடை என்று போட்டால் மாமாவிடமிருந்து கட்டை விரல் வந்தது. குகைக்கோயில் படி ஏறுதல், கட்டை விரல். ஈப்போ ஹோட்டலில் தங்கல், அதற்கும் கட்டை விரல். செமோரில் சொந்த வீடு வைத்திருப்பவர்களை அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஈப்போவில் ஹோட்டல் அறை போட்டுத் தங்க வைக்கிறோமே என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களும் கேட்கவில்லை. பெட்டி படுக்கையோடு வந்து வேனில் ஏறிக்கொண்டார்கள்.

பழைய பட்டணத்தில் ஒவ்வொரு சுவரோவியத்துக்கும் முன்னால் நின்று திறன்பேசியைப் பார்த்துச் சத்தமாக வரலாறு வாசித்தேன். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "சரிங்க மாப்ள" என்றார். ரயில் நிலையத்தின் பெருமையை மட்டும் கால் மணி நேரம் விளக்கினேன். அந்த நிலையத்தைச் சுற்றித்தான் மனிதர் பாதி வாழ்நாள் பஸ் ஓட்டியிருக்கிறார். அதற்கும் "சரிங்க மாப்ள"தான்.

குகைக்கோயிலில் "ஏறலாமா மாமா?" என்றேன்.

"ஏறுவோம் மாப்ள."

பாதிப் படியில் நின்றுவிட்டார். சுவரைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். "என்ன மாமா பாக்குறீங்க?" என்று கேட்டேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் அத்தை பதில் சொன்னார். (அத்தை என்றால் மாமியார்.)

"அவருக்குப் பாறைன்னா ரொம்பப் புடிக்கும் மாப்ள."

நான் நம்பினேன். அத்தோடு விட்டேனா? மேலே இதைவிட நல்ல பாறை இருக்கிறது என்று சொல்லி உச்சி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினார். பாறையை ஒட்டியே வர ஆசைப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் ஈப்போவுக்கே பேர் வாங்கிக்கொடுத்த தவுகே கோழி. முளைகட்டிய பயறும் வெந்த கோழியும் தட்டுத் தட்டாக வந்தன. எல்லோரும் பால் சேர்க்காத தே ஓ மட்டும் குடித்தார்கள். "பசிக்கல மாப்ள" என்றார் மாமா. "வவுறு ஒரு மாதிரி இருக்கு" என்றார் அத்தை. தினேஷ் கோழியைப் பார்த்து எச்சில் விழுங்கிவிட்டுக் கூரையைப் பார்த்தான். மாலதி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். இடம் போதவில்லை என்று நினைத்து நான் நகர்ந்து உட்கார்ந்து, வீணாகிவிடுமே என்று எல்லாவற்றையும் நானே தின்றேன்.

சாயங்காலம் மாமா அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே திடீரென்று சத்தம் அடங்கியது. கதவு திறந்ததும் ரசம் மணத்தது. கட்டில் பக்கத்தில் சோற்றுச் சட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஆம், வீட்டிலிருந்தே மின்சாரச் சட்டியைத் துணிக்குள் சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். தினேஷ் வாய் நிறையச் சோற்றோடு அசையாமல் இருந்தான். மாமா எழுந்து நின்று, சோறு ஒட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வாங்க மாப்ள. சாப்டீங்களா மாப்ள?"

என் அறைக்குத் திரும்பியதும்தான் மாலதி சொன்னாள், அன்றைக்குப் புரட்டாசி சனிக்கிழமை என்று. எங்கள் வீட்டில் அப்பா போன பிறகு புரட்டாசி பார்ப்பதெல்லாம் நின்றுபோயிருந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"மாப்ள மனசு கஷ்டப்படும்னு அப்பா சொல்லக்கூடாதுன்னுட்டாரு. நானும் எத்தன தடவதான் ஒங்க கால மிதிக்கிறது?"

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாளைக்குத் தோட்டத்தில் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம் என்று படுத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா பிறந்த காலத்தில் அது ரப்பர் தோட்டம், அவர் பேச்சில் கித்தாத் தோட்டம். இப்போது எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் ஒன்றும் மிச்சமில்லை, முகப்பில் மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. அத்தை கோயிலிலேயே உட்கார்ந்துவிட்டார். மாலதி அத்தைக்குத் துணை, தினேஷ் வேனுக்குத் துணை. நானும் மாமாவும் மட்டும் கிளம்பினோம். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"ஒங்க எடம் மாமா. நீங்களே முன்னால போங்க."

"இல்ல மாப்ள, நீங்க போங்க."

மாப்பிள்ளை முன்னால் நடந்தேன். மாமனார் பின்னால் வந்தார். கொஞ்ச தூரத்தில் திறன்பேசியில் லைன் போய்விட்டது. அதனால் என்ன? பிறந்து வளர்ந்தவர் பின்னாலேயே வருகிறார், தப்பான வழி என்றால் சொல்லமாட்டாரா?

செம்பனைக்குள் போயிருக்கிறீர்களா? எல்லா மரமும் ஒரே மாதிரி, எல்லா வரிசையும் ஒரே மாதிரி. ஒரு சந்தியில் நின்றேன்.

"இடது பக்கமா மாமா?"

"இடது பக்கம் போலாம் மாப்ள."

அந்தக் குரலில் ஏதோ தயக்கம் தெரிந்தது. "இல்ல, வலதா?"

"வலதும் போலாம் மாப்ள."

வலது பக்கம் போனோம். வழியில் உடைந்த நீல நிற டிரம் ஒன்று கிடந்தது. இன்னும் கொஞ்சம் நடந்தோம், மறுபடியும் ஒரு நீல டிரம். வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னொன்று.

"இந்த மாதிரி நீல டிரம் இங்க நெறய கெடக்கு போல மாமா."

அவர் அதை நன்றாகப் பார்த்தார். "ஆமாங்க மாப்ள. நெறய கெடக்கு."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்துக்கொண்டது. அட்டை ஒன்று என் கணுக்காலில் ஏறி விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. முட்டி மடங்க மறுத்ததால் மாமா காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. இந்த வயதில் இவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் மாலதி முகத்தில் எப்படி விழிப்பேன்? அவரிடம் நெருங்குவதற்காகத்தானே இத்தனையும் செய்தேன்! அவரோ முன்பைவிட அதிகமாகப் பணிந்து பணிந்து பேசிக்கொண்டு பின்னால் வருகிறார்.

எதிரே ஒரு பெரிய லோங்காங் குறுக்கிட்டது. லோங்காங் என்றால் மலாயில் வடிகால்தான், ஆனால் இது தோட்டத்து வடிகால், ஆள் இறங்கினால் இடுப்பு வரைக்கும் சேறு. குறுக்கே பழைய பனந்தண்டு ஒன்று கிடந்தது. அந்தப் பக்கம் போனால் வழி தெரியும் என்று நானாக முடிவு செய்தேன்.

"அது வேணாம் மாப்ள," என்று மெல்லிய குரலில் சொன்னார் மாமா.

"ஒண்ணும் ஆகாது மாமா. நான் போயிப் பாக்குறேன்."

காலை வைத்தேன். தண்டு உள்ளுக்குள் உளுத்துப் போயிருந்தது. அடுத்த நொடி சேற்றுக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஒரு காலை உருவினால் மறு கால் ஆழமாகப் போனது.

"டேய்!"

தோட்டமே அதிர்ந்தது.

"அறிவு இருக்காடா ஒனக்கு? வேணாம் வேணாம்ங்கிறேன், கால வெக்கிற! கைய ஆட்டாதடா! குடுறா கைய!"

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவர் மரத்தை ஒரு கையால் கட்டிப்பிடித்து மறு கையால் என் சட்டைக் காலரைப் பற்றி இழுத்தார். இழுக்க இழுக்கத் திட்டினார்.

"நேத்தியிலருந்து பாக்குறேன்! முட்டி செத்துப்போன மனுசன மல உச்சிக்கு ஏத்துற! புரட்டாசி சனிக்கெழம கோழிக் கடையில கொண்டாந்து குந்த வெக்கிற! பஸ் ஓட்டுனவனுக்கு ரயில் டேசன காட்டுற! வழி தெரியலன்னா தெரியலன்னு சொல்ல மாட்டியாடா?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன் மாமா!"

"எனக்கு எங்கடா தெரியும்?"

கடைசி இழுப்பில் என் கால் விடுபட்டது. நான் கரையில் கிடந்தேன். பக்கத்தில் அவரும் காலை நீட்டி உட்கார்ந்தார். மழை பெய்துகொண்டே இருந்தது.

"கித்தா மரம் இருந்தப்ப கண்ண மூடிக்கிட்டுப் போவேன்டா. ஆறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னுகூட இப்பத் தெரியல. பொறந்த எடத்துல வழி தெரியலன்னு மாப்ள கிட்ட எப்படிச் சொல்றது? சரி, ஒன்கிட்ட போன் இருக்கே, அதப் பாத்துத்தான் போறன்னு நெனச்சேன்."

ஆக, அவர் போனை நம்பினார். நான் அவரை நம்பினேன். மரியாதை கெட்டுவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் மாறி மாறி ஒரே நீல டிரம்மைச் சுற்றி வந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவன் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மழையில் அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவர் என் கணுக்காலைப் பிடித்து அட்டையைப் பிய்த்து எறிந்தார்.

அப்போது செம்பனை மட்டையை விலக்கிக்கொண்டு தினேஷ் ஓடி வந்தான். பின்னாலேயே குடையும் கையுமாக மாலதி. நாங்கள் இவ்வளவு நேரமும் கோயிலுக்குப் பின்பக்கத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். மாமாவின் "டேய்" கேட்டுத்தான் இடம் கண்டுபிடித்து வந்தார்கள்.

"யாரப் போட்டு இப்படித் திட்டுறீங்கப்பா?" என்று மூச்சிரைக்கக் கேட்டான் தினேஷ். "நான் வேன்லதானே இருந்தேன்!"

மாமா சேறு அப்பிக் கிடந்த என்னைப் பார்த்தார். தான் என்ன பேசினோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போல. சட்டென்று எழுந்து நிற்கப் பார்த்தார், முட்டி விடவில்லை.

"எந்திரிங்க மாப்ள," என்றார்.

அவ்வளவுதான். வேனில் திரும்பும்போதும் "மாப்ள", வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோதும் "சாப்டுங்க மாப்ள". ஆறு வருடம் காத்திருந்து கிடைத்தது அரை மணி நேரத்தில் கை நழுவிப் போய்விட்டதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஒரு திட்டம் பிடிக்கவில்லை என்றால் இப்போதெல்லாம் "வலதும் போலாம் மாப்ள" என்பார்கள். யாராவது சுவரை வெறித்துப் பார்த்தால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். நீல டிரம் எங்கே கண்ணில் பட்டாலும் தினேஷ் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிறான், மாமா கட்டை விரலை அனுப்புகிறார். என்னைத் தவிர யாரும் எந்த ஊருக்கும் திட்டம் போடலாம் என்று ஒருமனதாக முடிவாகிவிட்டது.

செமோர் வீட்டு வாசலுக்கு முன்னால் ஒரு லோங்காங் ஓடுகிறது, அந்தத் தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் முன்னால் ஓடுகிற மாதிரி. நாங்கள் கிளம்பும்போது மாமா வாசலில் வந்து நிற்பார். "போயிட்டு வாங்க மாப்ள" என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்வார். நான் காரைப் பின்னுக்கு எடுப்பேன். சக்கரம் லோங்காங் பக்கம் சாயும்போது மட்டும் அந்தத் தெருவே கேட்கும்படி ஒரு குரல் வரும்.

"டேய்! லோங்காங்டா! பாத்து எட்றா!"

மாலதி கண்ணாடி வழியே பார்த்துவிட்டுச் சொல்வாள், "இவ்ளோ எடம் கெடக்கு, ஏன்தான் எப்பவும் ஓரமாவே எடுக்குறீங்களோ?"

நான் இன்னும் கொஞ்சம் ஓரமாக எடுக்கிறேன்.