பெண் பார்க்கப் போன இடத்தில் நல்லி எலும்பு

உடம்பை ஏற்ற வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு உடம்பு ஏறுகிறதோ இல்லையோ, ஒரு கிறுக்கு கட்டாயம் பிடிக்கும். எதைப் பார்த்தாலும் இதில் எவ்வளவு புரோட்டீன் இருக்கும் என்றுதான் யோசிப்பார்கள். எனக்கு அந்தக் கிறுக்கு கல்லூரி முடித்த வருடம் பிடித்தது. அப்போது நான் துடைப்பக் குச்சிக்குச் சுடிதார் மாட்டியது போல இருப்பேன். எங்கள் ஊர்க் கோட்டையின் ராஜகிரி மலை ஏறும்போதெல்லாம் காற்றில் பறந்துவிடுவேன் என்று சொல்லி, என் அண்ணன் கதிர் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே வருவான். (கிண்டலுக்குத்தான். ஆனால் உச்சிக்குப் போகும் வழியில் பள்ளத்தின் மேல் இருக்கும் பாலம் வந்தால் நானே அவன் சட்டையைப் பிடித்துக்கொள்வேன்.)

அந்தச் சமயத்தில் செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில், ஒரு செருப்புக் கடை மாடியில் ஜிம் திறந்தார்கள். காலையில் பெண்களுக்கு மட்டும். முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் அக்கா இருந்தார். அவர் என் கையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, பாவமாக இருந்ததோ என்னவோ, மெதுவாகக் கீழே வைத்தார்.

"சோத்தக் கொற. ரெட் மீட் சேத்துக்க. ஆடோ மாடோ, எதுவா இருந்தாலும் அளவா சாப்புடு" என்றார்.

அவர் சொன்னதில் 'அளவா' என்பதை மட்டும் ஜிம்மிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் வீட்டுக்குக் கறி புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடு, வாரத்தின் நடுவில் மாட்டுக்கறி வறுவல் என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் களத்தில் இறங்கிய பிறகு அண்ணன் தட்டில் குழம்பு மட்டும்தான் மிஞ்சியது. சோற்றை நான் அறவே விட்டுவிட்டேன்.

"இன்னாடி தீபா இது, சோத்தக் கண்ணால கூட பாக்க மாட்டேங்குற?" என்று அம்மா கத்தும்.

"சோறு கார்ப்ஸ்மா."

"உங்க நைனா அதத் தின்னுட்டுதான இத்தினி வருசமா பஸ் ஓட்டுறாரு?"

நைனா தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். தினமும் காலையில் பீரோ கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்ப்பேன். ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்காவது எழும்பாதா என்று ஏக்கம். எழும்பியிருந்தது கொசு கடித்த தடிப்பு மட்டும்தான்.

இப்படி இருக்கும்போது அண்ணனுக்குப் பெண் பார்க்கப் பனமலைக்குக் கிளம்பினோம். அம்மாவின் மனதில் ஏற்கெனவே செய்யாறு பக்கம் ஒரு டீச்சர் வரன் உட்கார்ந்திருந்தது. சொந்தக்காரர் ஒருவர் வற்புறுத்தினார் என்பதற்காகத்தான் இந்தப் பயணம். அண்ணன் என்ன நினைத்தான் என்று யாருக்கும் தெரியாது. திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊரார் ரத்தத்தில் இருப்பதையெல்லாம் சொல்லிவிடுவான், தன் மனதில் இருப்பதை மட்டும் சொல்ல மாட்டான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜி, கேசரி, காபி வரைக்கும் பாதகமில்லை. சாப்பாட்டில் கை வைத்தால் மட்டும் பெண் பிடித்துவிட்டது, சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். இதைக் 'கை நனைக்கிறது' என்பார்கள். அம்மா வேனில் ஏறியதிலிருந்தே இதையே ஓதிக்கொண்டு வந்தது.

"காபியோட எந்திரிச்சுடணும். யாரும் கை நனைக்கக் கூடாது. அங்க சோறுன்னு ஒண்ணு இருக்குதுன்னே நெனைக்காதீங்க."

"நான்தான் சோறே தின்றதில்லையே" என்றேன் பெருமையாக.

ஏரிக்கரைப் பக்கம் வீடு. பஜ்ஜி வந்தது, எண்ணெய் என்று தொடவில்லை. கேசரி வந்தது, சர்க்கரை என்று தொடவில்லை. பெண் மேகலா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அண்ணன் தலை நிமிரவே இல்லை, டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. அது ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அதற்குள் பின்கட்டிலிருந்து ஆட்டுக்கறி வாசனை வந்துவிட்டது.

கை கழுவ வேண்டும் என்று எழுந்து போனேன். (பஜ்ஜியே தொடாதவளுக்குக் கை எதற்குக் கழுவ வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.) பின்கட்டில் மேகலா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கரண்டியோடு நின்றாள்.

"எல்லாரும் முன்னால உக்காந்துட்டாங்க. அடி புடிச்சுடும்னு ஓடியாந்தேன்" என்றாள். பிறகு ஒரு தட்டில் நாலைந்து துண்டு எடுத்து வைத்து, "உப்பு காரம் பாத்துச் சொல்றியா? டென்சன்ல எனக்கு நாக்கே வேல செய்யல" என்றாள்.

அப்போது என் மூளை ஒரு வக்கீலைப் போல வேலை செய்தது. அம்மா கூடாது என்றது சோற்றை. தட்டிலோ ஒரு பருக்கை சோறு இல்லை. வெறும் கறி. ஆகவே வழக்கமும் கெடவில்லை, என் கையும் நனையவில்லை.

"உப்பு சரியா இருக்குதா?"

"இன்னும் ரெண்டு துண்டு போடுங்க, அப்பதான் சொல்ல முடியும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, "உங்கண்ணன் பேசவே மாட்டாரா?" என்று கேட்டாள்.

"பேசுவான். வீட்ல யாரும் இல்லாதப்ப."

மறுபடியும் சிரித்து, சட்டியைத் துழாவி ஒரு நல்லி எலும்பை எடுத்து வைத்தாள். அத்தோடு நான் இந்த உலகத்தில் இல்லை. உள்ளே இருக்கும் மஜ்ஜை உறிஞ்சினால் வரமாட்டேன் என்றது. தட்டின் விளிம்பில் தட்டினேன்.

கூடத்தில் அதே நேரம் நைனா தொண்டையைச் செருமி, "நாங்க ஊருக்குப் போயி, கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று பெண் பெற்றவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டதாம். அதன் நடுவில்தான், டொக். டொக். டொக்.

மேகலாவின் பெரியப்பா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு எலும்பை நாதஸ்வரம் போலப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தேன். அவர் கூடத்துப் பக்கம் திரும்பி ஊரே கேட்கும்படி கூவினார்.

"சம்பந்தி! ஒங்க பொண்ணு கை நனைச்சுட்டா!"

அம்மா ஓடி வந்தது. பின்னாலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"நான் சோத்தத் தொடலமா! வெறும் கறிதான்!" என்று அலறினேன். மோவாயில் குழம்பு வழிந்தது.

"அவளுக்கு ஒடம்பு சரியில்லைங்க. டாக்டரு கறி திங்கச் சொல்லியிருக்காரு. சோறு இல்லாம தின்னா அது கணக்குல வராது" என்று அம்மா சமாளித்தது. (ஜிம் அக்கா அந்த நிமிடத்தில் டாக்டர் ஆனார்.)

"கறியே தின்னாச்சு, அப்பறம் இன்னாம்மா சோறு?" என்றார் பெரியப்பா.

பெரியவர்கள் வழக்கம் பேசிக்கொண்டிருந்தபோது நான் மேகலாவைப் பார்த்தேன். தலையைக் குனிந்து கரண்டியையே பார்த்தபடி நின்றாள். கொஞ்சம் முன்னால் சிரித்த முகம் அது. கறி தின்றுவிட்டுப் பெண் வேண்டாம் என்று போனார்கள் என்று நாளைக்கு ஊர் பேசப் போவது இவளைத்தான். வயிற்றில் இருந்த கறியெல்லாம் எனக்குக் கல்லாகக் கனத்தது. அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அண்ணன், "அம்மா" என்றான். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

"தங்கச்சி கை நனைச்சா நம்ம வூடே நனைச்ச மாதிரிதான்." பிறகு மேகலாவைப் பார்த்தான். காது மறுபடியும் சிவந்தது. "உங்களுக்குச் சம்மதம்னா... எனக்கும் கொஞ்சம் போடுங்க. சோத்தோட."

மேகலா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும். பரவால்லயா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். அவள் இலை அறுக்கத் தோட்டத்துக்குப் போனாள்.

நைனா சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து, "எனக்கு ஈரல் வாணாம்" என்றது. அதுதான் எங்கள் வீட்டு நிச்சயதார்த்தம். அன்றைக்கு நானும் சோறு சாப்பிட்டேன், இரண்டு முறை வாங்கி. அப்படி ஒரு சாப்பாடு அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை.

எலுமிச்சம்பழம் கடைசி வரைக்கும் எழும்பவில்லை. ஆனால் நல்ல அண்ணி வந்தாள். அவர்கள் இருவருக்கும் சண்டை வந்தால் அண்ணன், "எல்லாம் இவ தின்ன கறியால வந்தது" என்று என்னைக் காட்டுவான். அண்ணி அன்றைக்கு எனக்கு மட்டும் கூட ஒரு துண்டு போடுவாள்.

விஷயம் சொந்தக்காரர்கள் வரைக்கும் பரவிவிட்டது. போன மாதம் சித்தப்பா மகனுக்குப் பெண் பார்க்கத் தொண்டூருக்குக் கிளம்பினார்கள். முதல் நாள் சித்தி அண்ணிக்குப் போன் செய்து சொன்னாள்:

"பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணாத் தெரியுது. எங்களுக்கெல்லாம் புடிச்சிருக்குது. தீபாவக் கொஞ்சம் பசியோட அனுப்பி வையி."